மறைத்து வைத்த பொடியும் நிறுத்தி வைத்த மாத்திரையும்

கேள்வி

"எனக்கு 47 வயது. ஈரோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மஞ்சள்தான் எங்கள் விவசாயம். மூன்று வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன், எட்டு கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. ஹார்மோன் சார்ந்த வகை என்பதால் டாமாக்சிஃபென் 20 மில்லிகிராம் மாத்திரையைப் பத்து வருடம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து உடம்பு திடீரென்று கொதிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, இரவில் தூக்கம் இல்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. மூட்டு வலி வேறு.

என் அத்தை (கணவரின் தாயார்) கொல்லையில் இருக்கும் முள் சீத்தா இலையைக் கஷாயம் வைத்துத் தினமும் காலையில் கொடுக்கிறார். பையன் மிளகுச் சத்து சேர்ந்த மஞ்சள் கேப்ஸ்யூல் ஆன்லைனில் வாங்கி அனுப்புகிறான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தூக்கத்துக்கு அமுக்கராப் பொடி. இரண்டு மாதமாக வெளியூர் வைத்தியர் ஒருவர் கொடுத்த கருப்புப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன். நான்கே நாளில் மூட்டு வலி போய்விட்டது. நன்றாகப் பசிக்கிறது. முகமும் பூசினாற்போல் ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 'ஆபரேஷனும் கீமோவும்தான் முடிந்துவிட்டதே, இனி இங்கிலீஷ் மாத்திரை எதற்கு, உடம்பில் சூட்டைத்தான் ஏற்றும்' என்று அவர் சொன்னதால் ஐந்து வாரமாக டாமாக்சிஃபெனை நிறுத்திவிட்டேன். இது எதுவும் என் டாக்டருக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை நாட்டு மருந்து பற்றிக் கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். நான் செய்வது தவறா? எங்கள் நிலத்து மஞ்சள்கூடவா எனக்குக் கெடுதல் செய்யும்?"

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கம் எல்லாம் பிறகு. முதலில் நாளைக் காலை செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

சிகிச்சை எடுத்த மருத்துவமனைக்குப் போன் செய்து இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். டாமாக்சிஃபெனை ஐந்து வாரமாக நிறுத்தியிருப்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு இவை ஏதும் இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைக்கே மறுபடி தொடங்கச் சொல்வார்கள். விட்டுப்போனதை ஈடுகட்டுவதாக நினைத்து இரண்டு மூன்றாகச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். மஞ்சள் கேப்ஸ்யூல், முள் சீத்தாக் கஷாயம், அமுக்கராப் பொடி மூன்றையும் இன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கருப்புப் பொடியை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு இரண்டொரு நாளில் ஒரு பொது மருத்துவரையாவது பார்த்துவிடுங்கள்.

ஆபத்தானது என்றால் அதைத்தானே முதலில் நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் கடிதத்தில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. நான்கே நாளில் வலி போனது. பசி எடுக்கிறது. முகம் பூசினாற்போல் ஆகியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஸ்டீராய்டு. பெயர் ஒட்டாத பொட்டலங்களில் மூட்டு வலிக்கென்று கொடுக்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலப்பது நம் நாட்டில் புதிதல்ல. வலி பறந்துவிடும், உடம்பு தேறியதாகத் தெரியும், பார்க்கிறவர்கள் எல்லாம் 'முகத்தில் களை வந்துவிட்டது' என்பார்கள். அது களை அல்ல. கன்னத்தில் நீரும் கொழுப்பும் சேர்ந்து முகம் உருண்டு போவது. கண்ணாடியில் பாருங்கள்: காதோரம் வரை கன்னம் நிறைந்திருக்கிறதா? பிடரியில் சதை திரண்டிருக்கிறதா? அப்படியென்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். இரண்டு மாதம் அதற்குப் போதும். அந்த நிலையில் பொடியை ஒரே நாளில் விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தி, மயக்கம், சில சமயம் உயிருக்கே ஆபத்து என்று போய்விடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் கணக்கில். சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல், சிறுநீரகம், காலை நேரக் கார்ட்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) ஆகிய பரிசோதனைகளைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இடையில் தலை சுற்றி விழுந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போய், "இரண்டு மாதமாக ஒரு பொடி சாப்பிட்டேன், ஸ்டீராய்டாக இருக்கலாம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் உணர்ந்த சுகத்தில் ஒரு பங்கு, டாமாக்சிஃபெனை நிறுத்தியதால் வந்ததாகவும் இருக்கலாம். கெண்டைக்கால் இழுப்பு, உடம்புக் கொதிப்பு, மூட்டு வலி ஆகியவை அந்த மாத்திரையின் பக்க விளைவுகளாக வரக்கூடியவைதான். "எல்லாம் மனப்பிரமை" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னது தவறு. வேதனை உண்மையானது. அதற்கு மருந்து உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்த வைத்தியரின் கேள்விக்கு வருகிறேன். ஆபரேஷனும் கீமோவும் முடிந்தபின் மாத்திரை எதற்கு?

ஹார்மோன் சார்ந்த மார்புப் புற்றுநோய்க்கு ஒரு குணம் உண்டு. அது அவசரப்படாது. ஆபரேஷனில் எடுத்த கட்டியை விட்டு ஏற்கெனவே வெளியேறிய ஒன்றிரண்டு செல்கள் எலும்பிலோ நுரையீரலிலோ வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். ஐந்து, பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூட முளைப்பதைப் பார்க்கிறோம். அவை முளைக்க ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வேண்டும். டாமாக்சிஃபென் அந்த ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை, ஆனால் தினமும் செய்ய வேண்டிய வேலை. ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்ட பெண்களிடம், அடுத்து வந்த ஆண்டுகளையும் சேர்த்து 15 வருடக் கணக்கில், மார்புப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐந்தைவிடப் பத்து வருடம் சாப்பிட்டால் பலன் கூடுகிறது என்று 2012-இல் வெளியான அட்லஸ் என்னும் பன்னாட்டு ஆய்வு காட்டியது. உங்களுக்குப் பத்து வருடம் என்று சொன்னதன் காரணம் அதுதான்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். எழுத மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017-18-இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதலாவதில், வழக்கமான சிகிச்சையை அறவே தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். இது எதிர்பார்த்ததுதான். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டாவது ஆய்வை. அதில் இருந்த 258 பேர் வழக்கமான சிகிச்சையும் எடுத்துக்கொண்டு, கூடவே வேறு மருந்துகளும் சாப்பிட்டவர்கள், அதாவது உங்களைப்போல். அவர்களுக்கும் இறப்பு அபாயம் இரண்டு மடங்கு. ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது, அவர்களில் மூன்றில் ஒருவர் ஹார்மோன் சிகிச்சையை மறுத்திருந்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் ரேடியேஷனை மறுத்திருந்தார்கள். அந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இரண்டு கூட்டத்துக்கும் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள், சகோதரி. கஷாயம் குடித்ததால் அவர்கள் சாகவில்லை. கஷாயம் இருக்கிறதே என்ற தைரியத்தில் விட்ட சிகிச்சையால் செத்தார்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது நான்கு நாட்டு மருந்துகள் அல்ல, அந்த ஐந்து வாரம்.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள் விளைகிற மண்ணிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது.

தோட்டத்தில் வெட்டியெடுத்த மஞ்சளை அப்படியே மண்டிக்கு அனுப்ப மாட்டீர்கள். வேகவைத்து, களத்தில் காயவைத்து, மெருகு போட்ட பிறகுதான் அது விலைபோகும் விரலியாகவும் கிழங்காகவும் ஆகிறது. டாமாக்சிஃபெனும் அப்படித்தான். வாயில் போடும்போது அது பச்சைக் கிழங்கு. கல்லீரலில் இருக்கும் சில நொதிகள் அதைப் பக்குவப்படுத்தி எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாற்றுகின்றன. நோயைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. அந்த நொதிகளுக்குக் குறுக்கே எது வந்தாலும் பக்குவம் கெடும். நெதர்லாந்தில் ராட்டர்டாம் மருத்துவர்கள், டாமாக்சிஃபென் சாப்பிடும் 16 பேருக்கு மஞ்சளின் சத்தான குர்குமினைக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் எண்டாக்சிஃபெனின் அளவு குறைந்தது. மிளகின் பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது குறைவு கிட்டத்தட்ட 12 சதவீதம். சிலருக்குப் பலன் தரும் எல்லைக்கும் கீழே போனது. அவர்கள் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 3,600 மில்லிகிராம், உங்கள் பையன் அனுப்புவதைவிட நிச்சயம் அதிகம். ஆய்வும் சிறியது. ஆனாலும் பத்து வருடம் ஓட வேண்டிய ஒரு மருந்தின் பலத்தில் ஒரு பிடி குறைவதைக்கூட நான் ஏற்க மாட்டேன். கேப்ஸ்யூலால் வரும் லாபம் என்ன என்று கேட்டால் கையைத்தான் விரிக்க வேண்டியிருக்கிறது.

மிளகை ஏன் சேர்க்கிறார்கள் தெரியுமா? மஞ்சள் சத்து குடலிலிருந்து ரத்தத்துக்குள் எளிதில் ஏறாது. பைப்பரின் சேர்ந்தால் இருபது மடங்கு ஏறுகிறது என்று 1998-இல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்த இருபது மடங்கைத்தான் கேப்ஸ்யூல் கம்பெனிகள் விளம்பரமாக அச்சிடுகின்றன. ஏறுவது இருபது மடங்கு என்றால் கல்லீரலின் பாடும் அதற்கேற்றபடிதான். மஞ்சள் கேப்ஸ்யூலால் மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி அமெரிக்காவிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன. அவற்றில் சில மிளகுச் சத்து சேர்ந்தவை.

சமையல் மஞ்சள் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குத்தான் இருக்கும். நீங்கள் ஒருவர் ஒரு நாளில் குழம்பிலும் கூட்டிலும் சாப்பிடுவது அரைத் தேக்கரண்டி என்றால் அதில் 45 மில்லிகிராம் குர்குமின் வரும். சந்தையில் கிடைக்கும் சாதாரண 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குர்குமின்தான். இரண்டு போட்டால் 950 மில்லிகிராம், அதாவது முப்பது கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். முப்பது கிராம் மஞ்சள் தூளை உங்கள் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். எந்தக் கிழவி எந்த வீட்டில் ஒரு நாளைக்கு அவ்வளவு மஞ்சளைத் தின்னச் சொன்னாள்? ஆகவே உங்கள் நிலத்து மஞ்சளைப் போட்டு ரசம் வையுங்கள், மிளகையும் தட்டிப் போடுங்கள். கேப்ஸ்யூலைப் பையனிடம் அனுப்ப வேண்டாமென்று சொல்லுங்கள்.

முள் சீத்தா இலைக்கு அவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 'கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்கள்மேல் அந்தச் செடியின் ஒரு பொருளைச் சொட்டுவிட்டுப் பார்த்ததிலிருந்து கிளம்பிய பேச்சு. மனித உடம்பில் புற்றுநோயை அது குறைத்ததாக ஒழுங்கான சான்று இல்லை. ஆனால் கெடுதலுக்குச் சான்று இருக்கிறது. கரீபியன் கடலில் இருக்கும் குவாடலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே பார்க்கின்சன் போன்ற ஒரு நடுக்க நோய் அளவுக்கு மீறி இருப்பதை 1999-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். செடியிலிருக்கும் அனோனாசின் என்ற நரம்பு நச்சின் மேல்தான் சந்தேகம். தினமும் காலையில் ஒரு டம்ளர் என்பது எனக்குச் சம்மதமில்லை.

அமுக்கரா தூக்கத்துக்குக் கொஞ்சம் உதவலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும், சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது. உடம்பு கொதித்து, படபடத்து, தூக்கம் வராதவருக்குத் தைராய்டும் ஏறினால் கதை என்ன ஆகும்? ரத்தப் பரிசோதனையோடு தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

சகோதரி, இனி எழுதப்போவது உங்களுக்கு மட்டும் அல்ல, என் தொழிலைச் செய்கிற எல்லோருக்கும். உங்களை எல்லோர் முன்னாலும் திட்டிய மருத்துவர் செய்தது தவறு. அதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், வெளிநோயாளிகள் பிரிவில் கூட்டம் நெருக்கியடித்த ஒரு திங்கட்கிழமை. ஒரு பெரியவர் மூலிகை எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தார். ரேடியேஷன் கொடுத்த தோல் வெந்து போயிருந்தது. நான் குரலை உயர்த்திக் கத்திவிட்டேன். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவர் ஒரு விவசாயப் பெண், கீமோ பாதியில் இருந்தார். இரண்டு வாரம் கழித்து அவருக்கு மஞ்சள் காமாலை. ஏதாவது வேறு மருந்து சாப்பிட்டீர்களா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்றார். வைரஸ் பரிசோதனை, ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. நான்காம் நாள் அவருடைய மகள் வார்டு வாசலில் என்னை நிறுத்தி, துணிக்கடைப் பைக்குள்ளிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். பாதி நிறைய, பச்சையும் பழுப்புமாகக் கஷாயம். சீந்தில் கொடி. "அன்னைக்கு அந்தத் தாத்தாவை நீங்க திட்டினதைப் பார்த்து அம்மா பயந்துட்டாங்க" என்றாள். நான்கு நாள் நாங்கள் தேடிய பதில், கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. கஷாயத்தை நிறுத்தியபின் அவருக்குக் கல்லீரல் தேறியது. ஆனால் கீமோ ஆறு வாரம் தள்ளிப்போனது. அந்த ஆறு வாரத்தில் என் கத்தலுக்கும் பங்கு உண்டு. கொரோனா காலத்தில் மும்பையிலும் பிறகு நாட்டின் பல ஊர்களிலும் சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் எழுதியபோது, எனக்கு அந்தப் பாட்டில்தான் கண்முன் வந்தது.

அன்றிலிருந்து "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு எல்லோரும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். "வீட்டில் உங்களுக்கு என்னென்ன செய்து கொடுக்கிறார்கள்?" என்று கேட்கிறேன். பதில் தானாக வருகிறது.

உங்கள் மருத்துவர் அப்படிக் கேட்கவில்லை என்றால் நீங்கள் ஆரம்பியுங்கள். கேப்ஸ்யூல் டப்பா, அமுக்கராப் பொட்டலம், கருப்புப் பொடி, நான்கு முள் சீத்தா இலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசைமேல் வையுங்கள். "டாக்டர், இவற்றைச் சாப்பிட்டேன், மாத்திரையை ஐந்து வாரம் நிறுத்தினேன், மறுபடி ஆரம்பிக்க வந்திருக்கிறேன், பக்க விளைவு தாங்க முடியவில்லை, அதற்கு வழி சொல்லுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். கடைசிப் பகுதிதான் முக்கியம். தாங்க முடியவில்லை என்று நீங்கள் சொல்லாதவரை, தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். மறுபடியும் திட்டினால்? அதே மருத்துவமனையில் வேறு மருத்துவரைக் கேளுங்கள், அல்லது மருந்தாளுநரிடமோ மூத்த நர்ஸிடமோ சொல்லிக் குறிப்பேட்டில் எழுதவையுங்கள். வெட்கப்படும்படி நீங்கள் ஒன்றும் செய்யவில்லை.

அங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. உடம்புக் கொதிப்புக்கு வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்ற மருந்துகள் குறைந்த அளவில் பலருக்கு உதவுகின்றன. ஆனால் பராக்ஸிட்டின், ஃப்ளூவாக்ஸிட்டின் இரண்டும் டாமாக்சிஃபென் பக்குவப்படும் அதே நொதியை அடைத்துவிடும். வேறு ஊரில் வேறு மருத்துவர் மனச்சோர்வுக்கென்று அவற்றை எழுதிவிட்டால், நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். குறுக்கே நிற்பது நாட்டு மருந்து மட்டுமே என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன். டாமாக்சிஃபென் அறவே ஒத்துவரவில்லை என்றால் சினைப்பையின் வேலையை ஊசியால் நிறுத்தி வேறு ஹார்மோன் மாத்திரைக்கு மாற்றுகிற வழியும் இருக்கிறது. நிறுத்துவதற்கும் தாங்குவதற்கும் நடுவே இத்தனை படிகள் இருக்கின்றன.

மருந்தல்லாத வழிகளில் சான்றுள்ளவை எவை என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: யோகாவும் நடையும். சிகிச்சை முடிந்தும் தூக்கம் வராத 410 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, 75 நிமிடம், நான்கு வாரம். கடினமான ஆசனம் எதுவும் இல்லை, மூச்சுப் பயிற்சி, மென்மையான அசைவுகள், தியானம். தூக்கம் சீர்ப்பட்டது, தூக்க மாத்திரையின் தேவையும் குறைந்தது. அவர்களில் பெரும்பாலோர் உங்களைப்போல் மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள். மூட்டு வலிக்கு, இன்னொரு வகை ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட 121 பெண்களிடம் ஒரு வருடம் நடையும் தசைப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். வலி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. வரப்பில் நடப்பது வேலைக்கான நடை. அதைத் தவிர மாலையில் அரை மணி நேரம் கைவீசி நடங்கள். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலை நீட்டி அரை நிமிடம் நில்லுங்கள், காலுக்கு மூன்று முறை. இழுப்பு குறையும்.

எண்ணெய்க் குளியல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டவர்கள் நிறையப் பேர். தாராளமாகக் குளிக்கலாம். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கமான இடது கையை மட்டும் யாரும் அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. அந்தக் கையில் கப்பிங், அட்டை விடுதல், குருதி வாங்குதல் எதுவும் வேண்டாம். கை வீங்கினால் திரும்ப வற்றவைப்பது பெரும்பாடு.

சித்த மருத்துவத்தையே நான் தள்ளுவதாக நினைத்துவிடாதீர்கள். கீமோவில் பயன்படும் வின்கிறிஸ்டின் எங்கிருந்து வருகிறது? தென்மாவட்டக் கரிசல் காட்டிலும் பயிராகும் நித்தியகல்யாணி இலையிலிருந்து. நூற்றுக்கணக்கான கிலோ இலையைப் பிழிந்தால் ஒரு கிராம் அளவுக்கு மருந்து தேறும். செடிக்குச் சக்தி உண்டு என்பதை என்னைவிட யாரும் அதிகம் நம்ப முடியாது, தினமும் அதை ஊசியில் ஏற்றிக் கொடுக்கிறேன். சக்தி இருப்பதால்தான் அளவு வேண்டும், யார் எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறார் என்ற கணக்கு வேண்டும். வாயுத் தொல்லைக்கோ மலச்சிக்கலுக்கோ சித்த மருத்துவரைப் பார்க்க விரும்பினால், பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. டாமாக்சிஃபென் சீட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள். நல்ல சித்த மருத்துவர் அதைப் படித்துப் பார்ப்பார், நிறுத்தச் சொல்ல மாட்டார். மருந்து வாங்கினால் டப்பாவில் உரிம எண், தொகுதி எண், சேர்ந்திருக்கும் சரக்குகளின் பெயர் அச்சில் இருக்க வேண்டும். பஸ்பம், செந்தூரம் என்றால் இன்னும் கவனம். 2004-இல் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பெயரே இல்லாத கருப்புப் பொடிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக உங்கள் அத்தை. மருமகளுக்காகத் தினமும் விடியற்காலையில் எழுந்து இலை பறித்து அடுப்பு மூட்டுகிறவரிடம் "இது விஷம், நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பையை அவரே மேசைமேல் வைக்கட்டும், மருத்துவர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும். காலையில் அடுப்பு மூட்டும் வேலை அவருக்கு இருக்கட்டும்: கேழ்வரகுக் கஞ்சியும், ஒரு கைப்பிடி நிலக்கடலையும், ஒரு முட்டையும் செய்து தரச் சொல்லுங்கள், உங்கள் எலும்புக்கும் தசைக்கும் அது தேவை. அதைச் சாப்பிட்டதும் அவர் கண்ணெதிரிலேயே டாமாக்சிஃபெனைப் போட்டுக்கொள்ளுங்கள். காலண்டரில் தேதியை அடிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். முள் சீத்தா மரத்தை வெட்ட வேண்டாம். எப்போதாவது பழம் பழுத்தால் வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது நீங்களும் இரண்டு சுளை சாப்பிடலாம்.